அளந்தால் 181 பாகை வருகிறது: பிள்ளை அதை 180 என்று திருத்தி எழுத வேண்டுமா?

கொக்குவில் தாய் எழுதியது

அனைவருக்கும் வணக்கம். என் மகள் 8ஆம் தரத்தில் படிக்கிறாள். மூன்று முக்கோணிகளை வரைந்து, ஒவ்வொன்றின் அகக்கோணங்களையும் பாகைமானியால் அளந்து, கூட்டுத்தொகையைக் கொப்பியில் எழுதி வரும்படி சென்ற வாரம் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மேசையை விட்டு எழும்பாமல் இருந்து அவள் அளந்தாள். முதலாவது முக்கோணியில் 179 பாகையும் இரண்டாவதில் 181 பாகையும் மூன்றாவதில் 180 பாகையும் வந்தன. மறுநாள் கொப்பி திரும்பி வந்தபோது முதல் இரண்டு விடைகளும் வெட்டப்பட்டு, பக்கத்தில் 180 என்று சிவப்பு மையால் எழுதப்பட்டிருந்தது. அன்று மாலை அவள் அழிறப்பரை எடுத்து, தான் 62 பாகை என்று அளந்திருந்த ஒரு கோணத்தை 61 என்று மாற்றிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "கூட்டினால் 180 வரவேண்டும், அம்மா" என்றாள்.

அந்த விடை என் மனத்தை உறுத்துகிறது. நானும் சாதாரண தரம் வரை கேத்திரகணிதம் படித்தவள்தான். "முக்கோணி ஒன்றின் அகக்கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையாகும்" என்று பாடமாக்கி ஒப்புவித்தது நன்றாக நினைவிருக்கிறது. அது ஏன் அப்படி இருக்கவேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆகவே இரண்டு விடயங்களை இங்கே கேட்கிறேன். கண்ணால் பார்த்து அளந்த எண்ணை மாற்றி எழுதுவது சரிதானா? எந்த முக்கோணியை வரைந்தாலும் 180தான் வரும் என்று அளக்காமலே எப்படிச் சொல்ல முடிகிறது?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கரவெட்டி எழுதியது

அம்மா, முதலில் அந்த 61ஐ மகள் மறுபடியும் 62 ஆக்கட்டும். அளந்தது எதுவோ அதுதான் எழுதப்பட வேண்டும்.

பாடசாலைப் பாகைமானியின் ஆரை ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர். அந்த விளிம்பில் ஒரு பாகைக்கு உரிய இடைவெளி 0.9 மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. சாதாரணமாகக் கூராக்கிய பென்சில் இழுக்கும் கோட்டின் தடிப்பே அரை மில்லிமீற்றர் அளவுக்கு வந்துவிடும். ஆகவே கோட்டின் எந்த ஓரத்தைப் பார்த்து வாசித்தோம் என்பதிலேயே அரைப் பாகை போய்விடுகிறது. மூன்று கோணங்களிலும் அப்படி அரை அரைப் பாகை ஒரே பக்கமாகத் தவறினால் கூட்டுத்தொகை 178.5 முதல் 181.5 வரை எங்கும் வரலாம். உங்கள் மகளின் 179உம் 181உம் கவனமாக அளந்த ஒரு பிள்ளையின் எண்கள். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் முப்பது பேருக்கும் சரியாக 180 வந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

அடுத்ததாக, கொப்பியில் உள்ளது முக்கோணியின் படம் என்பதை மகளுக்குச் சொல்லுங்கள். கேத்திரகணிதம் பேசும் புள்ளிக்கு இடம் உண்டு, பருமன் இல்லை. கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் இல்லை. கோணம் என்பது ஒரு புயம் மற்றப் புயத்தின் மேல் வந்து பொருந்துவதற்கு எவ்வளவு திரும்பவேண்டுமோ அந்தத் திருப்பத்தின் அளவு. புயங்களை நீட்டினாலும் குறைத்தாலும் அது மாறாது. நீண்ட புயங்கள் உள்ள கோணம்தான் பெரியது என்று நினைக்கும் பிள்ளைகளை முப்பது வருடங்களாகப் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு விடயம் தெளியாமல் பாகைமானியைக் கையில் கொடுப்பதால் வரும் தொல்லைகள் பல.

180 என்ற எண்ணைப் பற்றியும் ஒரு சொல். முழுச் சுற்றை 360 ஆகப் பிரிக்கும் வழக்கம், அறுபது அறுபதாக எண்ணிய பாபிலோனியரிடமிருந்து வந்தது. கி.மு. 300 அளவில் அலெக்சாந்திரியாவில் இருந்த கணித அறிஞர் யூக்கிளிட்டு தமது பதின்மூன்று நூல்களில் பாகையைப் பயன்படுத்தவே இல்லை. முக்கோணியின் மூன்று அகக்கோணங்களும் சேர்ந்து "இரண்டு செங்கோணங்களுக்குச் சமன்" என்றே முதலாம் நூலின் 32ஆம் எடுப்பில் (நிறுவிக் காட்டும் கூற்றில்) அவர் கூறுகிறார். எண் மனிதரின் வழக்கம். மூன்று கோணங்களும் சேர்ந்து அரைச் சுற்று ஆகும் என்பதே உண்மையான விடயம்.

இனி நிறுவல். க, ச, த என்ற உச்சிகளைக் கொண்ட ஒரு முக்கோணியை வரையுங்கள். க மேலேயும், கீழே இடப்பக்கம் ச உம் வலப்பக்கம் த உம் இருக்கட்டும். க என்ற உச்சியினூடாக, சத என்ற பக்கத்துக்குச் சமாந்தரமாக ஒரு நேர்கோடு வரைந்து, அதில் இடப்பக்கம் ப என்றும் வலப்பக்கம் ம என்றும் இரு புள்ளிகளைக் குறியுங்கள். இப்பொழுது சக என்ற பக்கம் இரண்டு சமாந்தரக் கோடுகளையும் வெட்டும் ஒரு குறுக்கோடி. ஆகவே பகச என்ற கோணமும் கசத என்ற கோணமும் ஒன்றுவிட்ட கோணங்கள் (சமாந்தரக் கோடுகளுக்கு இடையில், குறுக்கோடியின் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைபவை), அவை சமன். அதேபோல் கத என்ற பக்கத்தைக் குறுக்கோடியாகக் கொண்டால், மகத என்ற கோணம் கதச என்ற கோணத்துக்குச் சமன். கீழே இருந்த இரண்டு கோணங்களும் மேலே ஏறி, க என்ற உச்சியில் இருந்த கோணத்துக்கு இரு பக்கமும் வந்து அமர்ந்துவிட்டன. அவை மூன்றும் சேர்ந்து பகம என்ற நேர்கோட்டின் ஒரு பக்கத்தை நிரப்புகின்றன. நேர்கோட்டில் ஒரு புள்ளியின் ஒரு பக்கத்தில் அமையும் கோணங்களின் கூட்டுத்தொகை இரண்டு செங்கோணங்கள். நிறுவல் அவ்வளவுதான்.

இந்த நிறுவலில் பாகைமானி எங்கும் வரவில்லை என்பதையும், முக்கோணி கூர்ங்கோண முக்கோணியா விரிகோண முக்கோணியா என்று எங்கும் கேட்கவில்லை என்பதையும் மகளுடன் சேர்ந்து பாருங்கள். அளக்காமலே எப்படிச் சொல்ல முடிகிறது என்ற உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. தாளில் முக்கோணியை வெட்டி, மூன்று மூலைகளையும் கிழித்து ஒரு நேர்விளிம்பில் அடுக்கிக் காட்டுவது வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் அது வெட்டிய அந்த ஒரு தாளைப் பற்றியே பேசுகிறது.

(தமிழ்நாட்டு நூல்களில் இதையே முக்கோணம், இணைகோடு, வடிவியல் என்று காண்பீர்கள். சொற்கள் வேறு, பொருள் ஒன்றே. எனக்குக் கேத்திரகணிதம் என்ற பெயரில் ஒரு பற்று உண்டு. கேத்திரம் என்றால் நிலம். கிரேக்கர் இட்ட பெயரும் நிலத்தை அளத்தல் என்றே பொருள்படும்.)

தென்மராட்சி மேசன் எழுதியது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். இருபத்திரண்டு வருடங்களாக அத்திவாரம் வெட்டி வீடு கட்டுபவன் என்ற முறையில் எழுதுகிறேன். எங்கள் தொழிலில் அளவைத் தவிர வேறொன்றையும் நம்ப முடியாது. மூலை பிடிக்கும்போது ஒரு நூலில் 3 அடியும் மற்ற நூலில் 4 அடியும் குறித்து, அந்த இரண்டு குறிகளுக்கும் இடையில் 5 அடி வரும்வரை நூலை நகர்த்துவோம். 5 அடி வந்தால் மூலை செங்கோணம். பிறகு அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் இழுத்துப் பார்ப்போம். இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் அறை மட்டமாக இருக்கிறது என்று கொள்வோம். எனக்கு இதைச் சொல்லித் தந்தவரும் இப்படித்தான் செய்தார்; ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் ஒரு முறை இதில் நான் தவறியிருக்கிறேன். 40 அடி நீளமான ஒரு சுவருக்கு 3, 4, 5 அடியில் மூலை பிடித்துவிட்டு நூலை மறு அந்தம்வரை நீட்டினேன். அத்திவாரம் வெட்டி முடித்த பின்னர் மூலைவிட்டங்களை இழுத்தபோதுதான் மறு அந்தம் நாலு அங்குலத்துக்கு மேல் உள்ளே வந்திருப்பது தெரிந்தது. மூலையில் கால் அங்குலம்கூடத் தவறியிருக்க மாட்டேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கால் அங்குலம் எப்படி நாலு அங்குலமாகிறது? அதையும், அந்த 3, 4, 5 ஏன் வேலை செய்கிறது என்பதையும் யாராவது விளங்கப்படுத்தினால் நன்றாயிருக்கும். அந்தத் தாயின் கேள்வியைப் படித்த பிறகு எனக்கும் கேட்கவேண்டும் போலிருந்தது.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கரவெட்டி எழுதியது

நீங்கள் கேட்டது இந்த இழையையே உயர்த்துகிறது, ஐயா.

செங்கோண முக்கோணியில் செம்பக்கத்தின், அதாவது செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கத்தின், வர்க்கம் மற்றைய இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகைக்குச் சமன் என்பது பைதகரசு தேற்றம். 9உம் 16உம் சேர்ந்தால் 25. ஆனால் நீங்கள் மூலை பிடிக்கும்போது பயன்படுத்துவது அதன் மறுதலையை. தேற்றம் செங்கோணத்திலிருந்து நீளத்துக்குப் போகிறது. நீங்கள் நீளத்திலிருந்து செங்கோணத்துக்கு வருகிறீர்கள். ஒரு கூற்று உண்மை என்பதற்காக அதன் மறுதலையும் உண்மையாகிவிடாது. அதைத் தனியாக நிறுவவேண்டும். யூக்கிளிட்டு 47ஆம் எடுப்பில் தேற்றத்தையும் 48ஆம் எடுப்பில் மறுதலையையும் நிறுவி முதலாம் நூலை முடிக்கிறார்.

மறுதலையின் நிறுவல் உங்கள் கையில் இருப்பதுதான். பக்கங்கள் 3, 4, 5 அடியாக உள்ள உங்கள் நூல் முக்கோணி ஒன்று இருக்கிறது. வேறொரு இடத்தில், ஐயமில்லாத ஒரு செங்கோணத்தை எடுத்து, அதன் புயங்களில் 3 அடியும் 4 அடியும் குறித்தால், தேற்றத்தின்படி அதன் செம்பக்கம் 5 அடி. இரண்டு முக்கோணிகளுக்கும் மூன்று பக்கங்களும் சமன். ஆகவே ப.ப.ப. (பக்கம், பக்கம், பக்கம்) முறையில் அவை ஒருங்கிசைகின்றன; ஒன்றின் கோணங்கள் மற்றதன் கோணங்களேதான். உங்கள் மூலை செங்கோணம். மூன்று பக்கங்களின் நீளம் தீர்ந்துவிட்டால் முக்கோணிக்கு அசைய இடமில்லை என்பதே ப.ப.ப. சொல்வது. நாற்பக்கலுக்கு அந்த உறுதி கிடையாது. நாலு சட்டம் மட்டும் அடித்த படலை சில மாதங்களில் சரிந்துவிடுவதும், மூலைக்கு மூலை ஒரு குறுக்குச் சட்டம் அடித்த படலை நிமிர்ந்தே நிற்பதும் இதனால்தான். முகட்டில் இரண்டு கைமரங்களையும் கீழே ஒரு தீராந்தியால் பிணைக்கும்போதும் நீங்கள் ஒரு முக்கோணியைத்தான் பூட்டுகிறீர்கள்.

கால் அங்குலம் நாலு அங்குலமான கதைக்கு வருவோம். 3, 4 அடிப் புயங்களுக்கு இடையில் 5 அடிக்குப் பதிலாகக் கால் அங்குலம் கூடியோ குறைந்தோ இருந்தால், மூலையின் கோணம் ஏறக்குறைய அரைப் பாகை தவறும். அரைப் பாகை என்பது பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் கோணத்தின் புயம் நீள நீள, அந்தத் திருப்பம் அடைக்கும் இடைவெளி அதே விகிதத்தில் பெருகுகிறது: 4 அடியில் அரை அங்குலத்திலும் குறைவாக இருப்பது 40 அடியில் நாலு அங்குலத்தைத் தாண்டுகிறது. நீங்கள் 12, 16, 20 அடியில் மூலை பிடித்திருந்தால், அதே கால் அங்குலத் தவறு 40 அடியில் ஏறத்தாழ ஓர் அங்குலமாகவே நின்றிருக்கும். பக்கங்கள் நாலு மடங்கானாலும் முக்கோணிகள் சமகோணமானவை என்பதால் மூலை மாறாது. தவறு மட்டும் நாலில் ஒன்றாகிறது.

மூலைவிட்டச் சோதனையில் ஓர் எச்சரிக்கை. மூலைவிட்டங்கள் சமன் என்பது மட்டும் போதாது. இருசமபக்கச் சரிவகத்திலும் அவை சமன்தான். முதலில் எதிர்ப்பக்கங்கள் சமன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்போது உருவம் இணைகரம். அடுத்தடுத்த இரண்டு மூலைகளிலும் உள்ள முக்கோணிகளை எடுத்தால், அடிப்பக்கம் இரண்டுக்கும் பொது, எதிர்ச்சுவர்கள் சமன், மூலைவிட்டங்கள் சமன், மறுபடியும் ப.ப.ப. அதனால் அந்த இரண்டு மூலைகளும் சமன். சமாந்தரக் கோடுகளுக்கு இடையில் குறுக்கோடியின் ஒரே பக்கத்தில் அமையும் நேயக் கோணங்களாகையால் அவற்றின் கூட்டுத்தொகை 180 பாகை. ஒவ்வொன்றும் 90. உங்களுக்குச் சொல்லித் தந்தவர் சரியாகவே சொல்லித் தந்திருக்கிறார்.

கணிதம் பயிலும் மாணவன், திருநெல்வேலி எழுதியது

ஆசிரியர் ஐயா தந்த நிறுவலில் ஓர் இடத்தை மட்டும் மெதுவாகக் கடக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சமாந்தரக் கோடுகளைக் குறுக்கோடி வெட்டும்போது ஒன்றுவிட்ட கோணங்கள் சமன் என்று சொன்னோம். அது எங்கிருந்து வந்தது?

யூக்கிளிட்டு ஐந்து எடுகோள்களுடன், அதாவது நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் கூற்றுகளுடன், தொடங்குகிறார். முதல் நான்கும் சுருக்கமானவை: இரு புள்ளிகளை ஒரு நேர்கோட்டால் இணைக்கலாம், எல்லாச் செங்கோணங்களும் தம்முள் சமன் என்பன போன்றவை. ஐந்தாவது நீளமானது. இன்று நாம் பெரும்பாலும் அதன் சமவலுவான வேறொரு வடிவத்தைச் சொல்கிறோம்: ஒரு நேர்கோட்டுக்கு வெளியே உள்ள ஒரு புள்ளியினூடாக அக்கோட்டுக்குச் சமாந்தரமாக ஒரேயொரு நேர்கோட்டை மட்டுமே வரையலாம். யூக்கிளிட்டு முதல் 28 எடுப்புகளையும் இந்த ஐந்தாம் எடுகோளைத் தொடாமலே நிறுவுகிறார். 29ஆம் எடுப்பில், அதாவது ஒன்றுவிட்ட கோணங்கள் சமன் என்னும் இடத்தில், முதன்முறையாக அதைக் கையில் எடுக்கிறார். மூன்று எடுப்புகள் கழித்து முக்கோணியின் கூட்டுத்தொகை வருகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாக ஐந்தாவதை மற்ற நான்கிலிருந்து நிறுவிவிடப் பலர் முயன்றார்கள். பிரான்சின் லெசாந்தர் தமது பாடநூலின் பதிப்புக்குப் பதிப்பு புதிய முயற்சிகளைச் சேர்த்தார். 1829இல் ரசியாவின் லொபச்செவ்சுக்கியும் 1832இல் அங்கேரியின் பொல்யாயும், அந்த எடுகோளைக் கைவிட்டும் முரணில்லாத ஒரு கேத்திரகணிதம் அமையும் என்று வெளியிட்டார்கள். அதில் முக்கோணியின் கோணங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 180 பாகையிலும் குறைவு.

கூடுதலாக வருவதை நம் காலடியிலேயே காட்டலாம். யாழ்ப்பாணம் ஏறக்குறைய 80 பாகை கிழக்கு நெட்டாங்கில் இருக்கிறது. வட துருவத்திலிருந்து அந்த நெட்டாங்கு வழியே தெற்கே வந்து, யாழ்ப்பாணத்தைக் கடந்து மத்திய கோட்டை அடையுங்கள். அங்கே செங்கோணத்தில் திரும்பி, மத்திய கோட்டின் வழியே கிழக்கே 170 பாகை நெட்டாங்கு வரை செல்லுங்கள். மறுபடியும் செங்கோணத்தில் திரும்பி வட துருவத்துக்கே ஏறிப் போங்கள். துருவத்தில் இரண்டு நெட்டாங்குகளுக்கும் இடையிலான கோணம் 90 பாகை. மூன்று செங்கோணங்கள் கொண்ட முக்கோணி, கூட்டுத்தொகை 270.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கரவெட்டி எழுதியது

தம்பி, நீங்கள் எழுதியது முழுவதும் சரி. என்றாலும் 8ஆம் தரத்துப் பிள்ளைக்கு இதை இப்போதே சொல்வதை நான் விரும்பவில்லை. சமதளத்தில் ஒரு நிறுவல் எப்படி நடக்கிறது என்று அவள் முதன்முதலாகக் கண்டிருக்கிறாள். அந்த நிலம் காலுக்குக் கீழே உறுதியாகும் முன்பே அது ஓர் எடுகோளின் மேல் நிற்கிறது என்று அசைத்துக் காட்டவேண்டுமா? 11ஆம் தரம் முடியட்டும் என்பதே என் எண்ணம். தாயார் தீர்மானிக்கட்டும்.

நில அளவையாளர், நல்லூர் எழுதியது

முதற் கேள்விக்குத் திரும்ப விரும்புகிறேன். அது என் தொழிலின் நடுவில் இருக்கும் கேள்வி. இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. முக்கோணிகளால் நிலத்தைக் கட்டி அளப்பது அதைவிடப் பழைய முறை. ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு அந்தங்களிலும் உள்ள கோணங்களும் தெரிந்தால் முக்கோணி தீர்ந்துவிடுகிறது. போக முடியாத இடத்தில் இருக்கும் மூன்றாவது உச்சியின் தூரம் கணக்கில் கிடைத்துவிடுகிறது. ஒழுங்கற்ற எல்லை கொண்ட பத்துப் பரப்புத் தோட்டக்காணியையும் முக்கோணிகளாக வெட்டித்தான் பரப்பளவு காண்கிறோம்.

இரண்டு கோணங்கள் போதும் என்றாலும் மூன்றாவதையும் நாங்கள் அளப்போம். ஏனென்றால் கூட்டுத்தொகை 180 ஆக வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும். அளந்தவை அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பது எங்கள் வேலையின் தரத்தைக் காட்டும். விலகல் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருந்தால் அதை மூன்று கோணங்களுக்கும் பங்கிட்டுத் திருத்துவோம். மிஞ்சினால் மறுபடியும் களத்துக்குப் போவோம். ஆகவே அந்தப் பிள்ளை செய்த திருத்தத்தை நாங்களும் செய்கிறோம். ஆனால் களப்புத்தகத்தில் அழிறப்பருக்கு இடமில்லை. வாசித்த எண் வாசித்தபடியே இருக்கும். பிழையாக எழுதிவிட்டால் ஒரு கோடு போட்டு வெட்டிப் பக்கத்தில் சரியானதை எழுதுவோம். வெட்டியதும் பிறர் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். திருத்தம் வேறொரு நிரலில் வரும். அவளுடைய 181 பாகை முக்கோணியில் மிகையாக உள்ளது ஒரு பாகை, அதாவது 60 கலை. ஒவ்வொரு கோணத்திலிருந்தும் 20 கலையைக் கழிக்கவேண்டும். 62 பாகை, திருத்திய நிரலில் 61 பாகை 40 கலையாகும். 62 மட்டும் தனியே 61 ஆனதற்கு எந்த நியாயமும் இல்லை. மற்ற இரண்டையும் அவள் அதே கண்ணாலும் அதே பாகைமானியாலும்தானே அளந்தாள்?

மாணவர் சொன்ன கோளத்தைப் பற்றி ஒரு கணக்கு, தாயார் அஞ்சாமல் இருப்பதற்காக. கோளத்தில் வரைந்த முக்கோணியின் கூட்டுத்தொகை 180ஐ எவ்வளவு மிஞ்சுகிறது என்பது அதன் பரப்பளவுக்கு விகிதசமம். துருவத்துக்குப் போய் வந்த அந்தப் பெரிய முக்கோணி பூமியின் மேற்பரப்பில் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம் சதுர கிலோமீற்றர். அதற்கு மிகை 90 பாகை. ஒரு பாகைக்கு 3600 விகலை என்று வைத்துப் பிரித்தால், ஒரு விகலை மிகைக்கு ஏறக்குறைய 200 சதுர கிலோமீற்றர் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும் பகுதியை அடக்கும் ஒரு முக்கோணியிலும் மிகை சில விகலைகளே. கொப்பியில் வரைந்ததைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

கொக்குவில் தாய் எழுதியது

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று நான் எண்ணவில்லை. அளந்தது, திருத்தம், திருத்தியது என்று மகள் மூன்று நிரல்கள் கீறி, 62ஐ மறுபடியும் 62 ஆக எழுதியிருக்கிறாள்.

ஆசிரியர் ஐயா மன்னிக்கவேண்டும். 270 பாகை முக்கோணியையும் அவளுக்குச் சொல்லிவிட்டேன். அவள் குழம்பவில்லை. நேற்று முற்றத்தில் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, மணலில் பெரிய முக்கோணி கீறி என்னைக் கூப்பிட்டாள். ஈர்க்கின் அடியை ச என்ற உச்சியில் வைத்து, நுனி த என்ற உச்சியை நோக்கும்படி அடிப்பக்கத்தில் கிடத்தினாள். ச இல் அக்கோணத்தின் அளவுக்குத் திருப்பினாள். நுனி க என்ற உச்சியை நோக்கியது. அந்தப் பக்கத்தின் வழியே மேலே நகர்த்தி, க இல் அதே திசையில் திருப்பி, மற்றப் பக்கத்தின் வழியே இறக்கி, த இலும் திருப்பினாள். இப்போது ஈர்க்கு பழைய அடிப்பக்கத்திலேயே கிடக்கிறது, ஆனால் நுனி ச என்ற உச்சியை நோக்குகிறது. "மூன்று கோணமும் சேர்ந்து ஈர்க்கை மற்றப் பக்கம் பார்க்க வைத்துவிட்டன, அம்மா. அது அரைச் சுற்றுத்தானே" என்றாள். இதற்குச் சமாந்தரக் கோடே வேண்டாம் போலிருக்கிறதே, இது நிறுவலாகுமா?

கணிதம் பயிலும் மாணவன், திருநெல்வேலி எழுதியது

அம்மா, இது மிக அழகான சிந்தனை. அவளுடைய ஈர்க்கைக் கொண்டே சமாந்தரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அவளைத் தேடச் சொல்லலாம். ஒரு பந்தின் மேல், முன்பு சொன்ன மூன்று செங்கோண முக்கோணியை வரைந்து, வளையக்கூடிய ஒரு சிறிய ஈர்க்குத் துண்டால் அதே வேலையைச் செய்யச் சொல்லுங்கள். அங்கும் கடைசியில் ஈர்க்கு அடிப்பக்கத்தில் நுனி மாறித்தான் கிடக்கும். ஆனால் உச்சிகளில் அவள் திருப்பியது மொத்தம் 270 பாகை.

பந்தின் மேல் பக்கத்தின் வழியே நகர்த்தும்போதே ஈர்க்கின் திசையைப் பற்றிய கணக்கு மாறிவிடுகிறது. மணலில் அப்படி மாறாது என்று நாம் எடுத்துக்கொண்டோம். நேர்கோட்டின் வழியே நகர்த்துவதால் திருப்பம் எதுவும் சேராது என்று அவள் சொல்லாமலே நம்பிய இடம் அதுதான். அந்த நம்பிக்கையும் ஐந்தாம் எடுகோளும் ஒன்றே.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கரவெட்டி எழுதியது

நான் 11ஆம் தரம் வரை பொறுக்கலாம் என்று எழுதியதை மீளப் பெற்றுக்கொள்கிறேன். இந்தப் பிள்ளை பொறுக்க மாட்டாள்.

அவளுக்கு இன்னொன்றும் கொடுங்கள். இரண்டு நேர்கோடுகள் வெட்டும்போது குத்தெதிர்க் கோணங்கள் சமன் என்பது பார்த்தாலே தெரிகிறது. அதை ஏன் நிறுவுகிறார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். முக்கோணியின் இரு பக்கங்கள் சேர்ந்து மூன்றாவதை விடப் பெரியவை என்பதை ஒரு கழுதைகூட அறியும், அதற்கு நிறுவல் எதற்கு என்று எப்பிக்கூரியர் என்ற மெய்யியலாளர் கூட்டத்தினர் கேட்டதாக, யூக்கிளிட்டுக்கு உரை எழுதிய ஐந்தாம் நூற்றாண்டின் புரோக்கிளசு எழுதி வைத்திருக்கிறார். கழுதை அறிவது உண்மைதான்; ஏன் என்று அது சொல்லாது. குத்தெதிர்க் கோணங்களுக்கு விடை ஒரு வரி: இரண்டும் ஒரே அடுத்துள்ள கோணத்துடன் சேர்ந்து நேர்கோட்டை நிரப்புகின்றன, ஆகவே எஞ்சுபவை சமன்.

தென்மராட்சி மேசன் எழுதியது

இன்று காலை 12, 16, 20 அடியில் மூலை பிடித்தேன். நூல் பிடித்த பையனுக்கு ஏன் என்றும் சொல்லிக் கொடுத்தேன். ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி.

கொக்குவில் தாய் எழுதியது

கடைசியாக ஒரு கேள்வி, மகளுடையது. நாற்பக்கலை ஒரு மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணிகளாக வெட்டினால் கூட்டுத்தொகை 360 என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் ஒரு மூலை உள்ளே குழிந்திருக்கும் நாற்பக்கல் ஒன்றைக் கீறி, அதில் தான் வரைந்த மூலைவிட்டம் உருவத்துக்கு வெளியே போய்விடுகிறது என்கிறாள். அங்கே 360 என்பது பிழையாகிவிடுமா?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கரவெட்டி எழுதியது

பிழையாகாது. குழிந்த மூலையின் அகக்கோணம் 180 பாகையிலும் பெரிய பின்வளைகோணம். மூலைவிட்டத்தை அந்த உச்சியிலிருந்தே அதன் எதிர் உச்சிக்கு வரையச் சொல்லுங்கள். அது உருவத்துக்கு உள்ளேயே கிடக்கும். பின்வளைகோணம் இரண்டாகப் பிரிந்து, இரண்டு முக்கோணிகளுக்கும் ஒவ்வொரு பங்காகப் போகும். இரண்டு முக்கோணிகளின் ஆறு கோணங்களும் நாற்பக்கலின் நான்கு கோணங்களையும் சரியாக நிரப்புகின்றனவா என்று அவளே எண்ணிப் பார்க்கட்டும். பின்னர் அதைப் பாகைமானியாலும் அளந்து, வந்த எண்ணை முதல் நிரலில் எழுதட்டும்.